நாலு தடவை ஒரே ஸ்வரம்

என் கணவர் பாஸ்கர் மேல் எனக்குக் கோபம் வருவது சகஜம். சென்ற மாதம்தான் முதல்முறையாகப் பொறாமை வந்தது.

மில்பிடாஸில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து கம்யூனிட்டி சென்டரில், சனிக்கிழமை காலைகளில் பெரியவர்களுக்கு இசை வகுப்பு நடக்கிறது. சேர்ந்தது நான். பதினோரு வருடம் வீணை கற்றவள் இல்லையா? பாஸ்கர் துணைக்கு வந்தார். பார்க்கிங் லாட்டில் போன் பார்த்துக்கொண்டு உட்காருவதற்குப் பதில் உள்ளேயே உட்காரலாம் என்று அவரும் பெயர் கொடுத்துவிட்டார்.

டீச்சர் எலீனா ஒரு வேலை கொடுத்தார். அரை நிமிடத்தில் முடிகிற ஒரு ட்யூனைச் சொந்தமாக அமைக்க வேண்டும். பிறகு, பக்கத்தில் இருப்பவரின் ட்யூனை அலசி ஒரு பக்கம் எழுத வேண்டும் — எங்கே தொடங்குகிறது, எப்படி நகர்கிறது, ஏன் பிடிக்கிறது, அல்லது பிடிக்கவில்லை.

ஒரு வாரம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உழைத்தேன். மோகனத்தில் ஆரம்பித்து, நடுவில் வேறு ராகத்துக்குத் தாவி, வேகமாக நாலு சங்கதி போட்டு, பத்திரமாகத் திரும்பி வந்தேன். கீபோர்டில் வாசித்து முடித்ததும் எலீனா, “வெரி வெல் மேட்” என்றார். மேஜை செய்தவரிடம் சொல்வதுபோல.

அடுத்து பாஸ்கர். ஒற்றை விரல். மொத்தமே ஐந்து ஸ்வரங்களைத்தான் மாற்றி மாற்றித் தொட்டார். எலீனா கண்ணை மூடிக்கொண்டார். “இன்னொரு தடவை” என்று கேட்டார். மூன்றாவது தடவை வகுப்பே சேர்ந்து ஹம் பண்ணியது. நான் மட்டும் கைப்பையில் பேனா தேடிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் நிலாவிடம் இரண்டையும் வாசித்துக் காட்டினேன். எது யாருடையது என்று சொல்லவில்லை.

“செகண்ட் ஒன் நைஸ். ஃபர்ஸ்ட் ஒன் சவுண்ட்ஸ் லைக் ஹோம்வொர்க், மா.”

முதலாவது என்னுடையது.

சரி, அலசத்தானே சொன்னார்கள்? அலசிக் காயப்போட்டுவிடுவது என்று உட்கார்ந்தேன். குற்றமும் கிடைத்தது. நடுவில் ஒரே ஸ்வரம் நாலு தடவை வருகிறது. ‘கற்பனை வறட்சி’ என்று எழுதினேன். நிரூபிக்க வேண்டாமா? அந்த இடத்தில் வேறு ஸ்வரங்களைப் போட்டு வீணையில் வாசித்துப் பார்த்தேன். ட்யூன் செத்துப்போனது. வேறு மாதிரி மாற்றினேன். அதுவும் செத்தது. ஆறாவது தடவை அவர் போட்டபடியே வாசித்தேன்... உயிர் வந்தது.

பாஸ்கர் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, நடுவுல அதே நோட்டை ஏன் நாலு தடவை போட்டீங்க?”

“அதுவா... நீ ரூமைச் சாத்திக்கிட்டு கம்போஸ் பண்ணிட்டு இருந்தியே. காபி வேணுமான்னு கேக்க வந்தேன். தட்டலாமா, வேணாமான்னு கொஞ்ச நேரம் வெளியவே நின்னேன். அதான் அது.”

“அப்புறம் கீழ இறங்குதே?”

“தட்டாமலே திரும்பி வந்துட்டேன்.”

தோசையை என் தட்டில் போட்டார். பொறாமை குறைந்தது என்று நினைக்கிறீர்களா? கூடியது. கதவுக்கு உள்ளே ஒரு வாரம் இருந்தவளுக்குக் கிடைக்காத ட்யூன், வெளியே சற்று நேரம் நின்றவருக்குக் கிடைத்திருக்கிறதே.

‘கற்பனை வறட்சி’யை அடித்துவிட்டு உண்மையை எழுதினேன்: அந்த நாலு ஸ்வரமும் காத்திருக்கின்றன, கேட்பவரும் கூடவே காத்திருக்கிறார். அடுத்த வாரம் எலீனா அதை வகுப்பில் படித்துக் காட்டி, இவ்வளவு கவனமாகக் கேட்டவர் யாருமில்லை என்றார். நிஜம்தான். ரசிகர் நல்லதை மட்டும் கேட்பார். பொறாமைக்காரர்தான் ஒரு ஸ்வரம் விடாமல் கேட்பார்.

என் ட்யூனைப் பற்றி பாஸ்கர் எழுதியது இரண்டே வரி. ‘இதைப் போட்டவருக்கு நிறையத் தெரியும். தெரிந்த எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட அவசரப்படுகிறார்.’

பாதி சங்கதிகளை வெட்டிவிட்டு மறுபடி வாசித்தேன். இந்த முறை எலீனா ரசித்துத் தலையை லேசாக ஆட்டினார். போதும்.

போன சனிக்கிழமை காரில் வரும்போது பாஸ்கர் கேட்டார். “எனக்கும் கொஞ்சம் தியரி சொல்லிக் குடேன்.”

“வேணாங்க. தெரிஞ்சுக்கிட்டா உங்க இயல்பு கெட்டுடும்” என்றேன்.

அவருடைய நன்மைக்காகத்தான் சொன்னேன் என்று அவர் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார்.