ஓட்டுப் போட்டு எடுக்க முடியாதது

செல்வநாயகம் சார் இறந்துபோன செய்தி, மஸ்கட்டில், ரூவியில் நான் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் வந்தது. அனுப்பியவர் தனபால் அண்ணன். ஷார்ஜாவில், முவைலாவில் நாங்கள் சேர்ந்து தங்கியிருந்த ஃபிளாட் அவர் பெயரில்தான் இருந்தது. "நம் அறையின் அரசியல் சாசனம் மறைந்தது" என்று எழுதி, கூப்பிய கைகளை வரிசையாகப் போட்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

சார் விளாத்திகுளத்துக்காரர். அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் அந்த நாட்டு அரசியலமைப்பை நடத்தினார். வகுப்பில் ஓர் அமெரிக்கப் பிள்ளைகூடக் கிடையாது. எகிப்து, பாகிஸ்தான், மலையாளப் பிள்ளைகள்தான். பகலில் அவர்களுக்கு நடத்தியதைச் சாயங்காலம் வெங்காயம் உரிக்கும் எங்களுக்கும் நடத்துவார். "அதிகாரத்த மூணாப் பிரிச்சு வச்சாங்கய்யா. ஏன்னா, எழுதுனவங்களுக்கு அவங்க மேலயே நம்பிக்கை இல்ல." அதற்காக அவர்களைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடவும் மாட்டார். "உரிமைய எழுதுன பல பேரு வீட்டுல அடிமைங்க இருந்தாங்க. அதையும் சேத்துத்தான் படிக்கணும்" என்பார்.

அவர் யோசனைப்படி எங்கள் மெஸ்ஸிலும் அதிகாரம் மூன்றாகப் பிரிந்தது. விதி போடுவது எல்லோரும். நடத்துவது தனபால் அண்ணன். தகராறு வந்தால் தீர்ப்பது சார். விளையாட்டாகத்தான் ஒப்புக்கொண்டோம்.

பிறகு எனக்கு அம்மை போட்டது. தனபால் அண்ணன் எல்லோரையும் ஹாலில் கூட்டி, நான் வெளியேற வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். சாரைத் தவிர அத்தனை பேரும் தூக்கினார்கள். "மெஜாரிட்டி. கலாஸ், முடிஞ்சுபோச்சு. பெட்டியக் கட்டுப்பா" என்றார். காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்தேன். அந்த ஊரில் எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

"ஓட்டுப் போட்டு எடுக்க முடியாதது சிலது இருக்கு தனபாலு" என்றார் சார். "அமெரிக்கச் சாசனத்துல மொதப் பத்துத் திருத்தத்தையும் அதுக்குத்தான் கொண்டுவந்தாங்க. ஒருத்தனத் தண்டிக்கிறதுக்கு முன்னால அவன் பேச்சக் கேக்கணும். கேளுங்க அவன."

வேண்டாவெறுப்பாகக் கேட்டார்கள். கொப்புளம் கிளம்பி நாலு நாளாகிவிட்டது, ஒட்டுவதாக இருந்தால் இதற்குள் ஒட்டியிருக்கும் என்றேன். சார் ஒவ்வொருவரையும் விசாரித்தார். சின்ன வயதில் அம்மை வராதவர் தனபால் அண்ணன் ஒருவர்தான். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக் கை தூக்கியவர்கள். அண்ணன் கொஞ்ச நாள் நண்பர் ரூமில் படுக்கட்டும், நான் இருக்கட்டும் என்று தீர்ப்பானது. மறுநாள் சார் ரோட்டோரத்து வேம்பில் ஒரு கொத்து ஒடித்துவந்து என் தலைமாட்டில் வைத்தார். "இதுவும் திருத்தத்துல இருக்கா சார்?" என்று கேட்டேன். "இல்லய்யா, இது விளாத்திகுளம் சட்டம்" என்றார்.

நான் மஸ்கட்டுக்கு வேலை மாறிய பிறகு, சர்க்கரையால் சாருக்குக் காலில் புண் வைத்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. காரணம் கேட்டு எழுதினார், பதில் இல்லை. ரூமில் சாரை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கி, அதில் அவர் இருக்கலாமா கூடாதா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரிடம் முடிவை மட்டும் சொன்னார்கள்.

அன்று எனக்குப் போன் செய்தார். "போகச் சொன்னது பெருசு இல்லய்யா. புண்ணு நாறுறது எனக்கே தெரியும். ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருந்தா, அடுத்த வாரம் ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கேன்னு சொல்லியிருப்பேன்." அந்த ஒரு வாரமும் தெரிந்தவர் ஒருவரின் துணிக்கடை குடோனில் படுத்திருந்தார். ஊரில் காலை எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் தேறவே இல்லை.

இப்போது இரங்கல் கூட்டம் சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்று குரூப்பில் வாக்கெடுப்பு ஓடுகிறது. குரூப்பில் உள்ள நீங்கள், கூட்டத்தில் வாசிக்க ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதிவிட்டேன். வாசிக்கத் தைரியம் உண்டா என்பது உங்கள் பாடு.

முடிப்பதற்கு முன் தனபால் அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் பக்கத்தைக் கேட்காமல் எழுதினால் சார் என்னைச் சும்மா விடமாட்டார்.

"நான் தனியாவா முடிவு பண்ணேன் தம்பி? எல்லாரும்தான் ஓட்டுப் போட்டாங்க. சார் சொல்லிக்குடுத்த ஜனநாயகம்தான அது?" என்றார். பிறகு குரல் இறங்கியது. "டிக்கெட் போட்டது எனக்குத் தெரியாது தம்பி."

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்ணே" என்றேன்.

சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான்: எதிரே இருப்பவர் யாராக இருந்தாலும், அவர் பேச்சைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வதில்லை. தனபால் அண்ணன் பேச்சையும் கடைசிவரை கேட்டுவிட்டேன். கேட்கத்தான் சார் சொல்லிக்கொடுத்தார். மன்னிக்கச் சொல்லவில்லை.