சேனாபதி சாய்க்க முடியாத ஆடு

கேட்டி என்ற அமெரிக்க ஊரில் சேனாபதியைத் தெரியாத தமிழ்க் குடும்பம் குறைவு. கரூர்க்காரர். முட்டைகூடத் தொடாத சைவம். இருபத்திரண்டு வருடமாக எண்ணெய்க் கம்பெனியில் பம்பு இன்ஜினியர். அப்பேர்ப்பட்டவர் சனிக்கிழமைதோறும் ஊருக்கு வெளியே போய் ஆட்டைச் சுடுகிறார் என்றால் யார்தான் நம்புவார்கள்? ஆடு, துப்பாக்கி சுடும் போட்டிக்காக இரும்புத் தகட்டில் வெட்டியது, இருநூறு கஜ தூரத்தில் நிற்கும். குண்டு சரியாகப் பட்டால் சாயும். சேனாபதிக்கு மட்டும் அது மூன்று வருடமாகச் சாயவில்லை.

துப்பாக்கி பழைய லீவர் ரைஃபிள். விசையைச் சுற்றியுள்ள வளையத்தை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா உள்ளே போகும். குண்டுகளை அவரே கராஜில் ஈயம் உருக்கி வார்ப்பார். அந்த வார்ப்பு மேஜை அடைத்துக்கொண்ட இடத்தின் மேல் மனைவி நாகலக்ஷ்மிக்கு வெகுநாளாகக் கண். இரண்டாவது ஃப்ரிட்ஜ் வைக்க வீட்டில் வேறு மூலையே இல்லை.

"ஏங்க, கடைசியாச் சொல்றேன். அடுத்த மேட்ச்ல ஆடு விழலைன்னா ரைஃபிளை வித்துட்டு டேபிளைக் காலி பண்ணிடணும்."

"சரி, பண்ணிடறேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் மனிதர்.

பயிற்சிக் காகிதத்தில் அவர் குண்டுகள் மூக்கு முன்னால் போகாமல் குறுக்காகப் படுத்துக்கொண்டு நுழைந்திருந்தன. குழலுக்குள் ஈயம் வேறு அப்பியிருந்தது. சேனாபதி பம்பு இன்ஜினியராகவே யோசித்தார். துளைக்குள் ஓடுவது துளையைவிட ஒரு மயிரிழை சிறிதாக இருக்க வேண்டும். அத்தனை வருடம் சோறு போட்ட பாடம் அது. கையேட்டில் குழலின் உள்ளளவு அங்குலத்தில் ஆயிரத்தில் 375 பங்கு என்று போட்டிருந்தது. குண்டை அளவு அச்சில் தள்ளி 374 ஆக்கினார். ஆடு முன்னைவிடப் பத்திரமாக நின்றது.

மேட்சுக்கு ஒரு வாரம் இருக்கையில் நாகலக்ஷ்மி முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். இரண்டு அச்சுகளின் மேல்கட்டைகள் மாறிப்போயிருந்தன.

"இந்தக் கட்டை இதுக்கு லூஸுங்க. அமுக்கினா மாவு கீழ போகாம சைடு வழியா ஏறுது பாருங்க. டைட்டா இருந்தாத்தான் முறுக்கு ஒழுங்கா வரும்."

சேனாபதி கடித்த முறுக்கை அப்படியே வைத்துவிட்டுக் கராஜுக்கு ஓடினார். குண்டுக்குப் பின்னால் வெடிக்கும் புகையும் இப்படித்தானே இடுக்கு வழியாகத் தப்பிக்கும்!

காலி ரைஃபிளின் குழலில் எண்ணெய் தடவி, மெத்தென்ற ஈயத்துண்டு ஒன்றை மரக்கம்பால் தட்டித் தட்டி மறுமுனை வரை தள்ளினார். குண்டைச் சுழற்றிவிடக் குழலுக்குள் வெட்டியிருந்த வரிகளை உடம்பெல்லாம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தது. மைக்ரோமீட்டரில் வைத்தார். 379. கையேடு சொன்னது ஒன்று, அவர் துப்பாக்கி பிறந்திருந்தது ஒன்று. ஆபீஸில் எந்தப் பைப்பையும் அளக்காமல் நம்பாதவர், தன் துப்பாக்கியை மூன்று வருடம் அளக்கவே இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆயிரத்தில் ஒன்று கூட்டி, 380க்குக் குண்டு செய்தார். தோட்டா சிக்காமல் உள்ளே நுழைகிறதா என்றும் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை மேட்சில் ஐந்து தோட்டா. முதலிரண்டும் பதற்றத்தில் ஆட்டின் முதுகுக்கு மேலே பறந்தன. மூன்றாவது புழுதி கிளப்பியது. நான்காவது காலில் பட்டு டங்கென்றது. ஆடு ஆடியது, சாயவில்லை. ஐந்தாவது நடுவயிற்றில் பட்டது. ஆடு மெதுவாக மல்லாந்தது. ஒரு இரும்பு ஆட்டுக்காகச் சேனாபதிக்குக் கண் கலங்கிவிட்டது.

உடனே போன் போட்டார். "நாகு, விழுந்திருச்சு! எல்லாம் நீ சொன்ன முறுக்குதான்!"

"நானே சொல்லிக் குடுத்துக் கெடுத்துக்கிட்டேனா? அப்ப என் ஃப்ரிட்ஜ்?"

மறுநாளே சேனாபதி அளவு டேப்போடு கடைக்குப் போனார். அட்டையில் அச்சடித்த அளவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஃப்ரிட்ஜையே இரண்டு முறை அளந்துகொண்டு வந்து, மேஜையில் கோடு போட்டு ரம்பத்தை எடுத்தார்.

"இதுவும் டைட்டா இருக்கணுமாங்க?" என்றாள் நாகலக்ஷ்மி.

"இதுக்கு லூஸ் வேணும்மா. கதவு திறக்கணும்ல" என்று இரண்டு அங்குலம் தாராளமாக விட்டு, மூன்று வருட மேஜையைப் பாதியாக அறுத்தார்.