கரைச்சல் கொடுக்காத கைந்நூல்

உளவியல் பாடத்தில் ஒரு நாய் வரும். மணி அடித்தால் சாப்பாடு வரும் என்று பழகி, பிறகு வெறும் மணிச் சத்தத்துக்கே அதற்கு வாயூறும். எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளங்கவைக்க நான் நாயை விட்டுவிட்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பணிஸும் விற்க வரும் பாண்கார ஓட்டோவைப் பிடித்தேன். பின்னேரம் ஒழுங்கைக்குள் அதன் பாட்டுக் கேட்டதும், பணிஸ் கண்ணில் படுவதற்கு முன்னமே வாய் ஊறுகிறதே, அதுதான் பாடம். பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் உளவியல் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு இப்படித் தமிழில் குறிப்பும் படமும் வகுப்பறைப் பயிற்சியும் தயாரித்து, கைத்தொலைபேசிக்கு அனுப்பிவைப்பதுதான் ஓய்வு பெற்ற பிறகு என் வேலை. ஒருவரும் கேட்டுச் செய்யவில்லை. மொழிபெயர்ப்பு என்ற பெயரில் வரும் கண்றாவிகளைப் பார்த்து வந்த கோபத்தில் தொடங்கியது.

கோப்பாயில் தனியே இருக்கிறேன். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்கிறவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். கேட்டாலும் பரவாயில்லை என்று சில நாள் தோன்றும்.

மருதனார்மடத்தில் இருந்து ஓர் இளம் ஆசிரியை ஞாயிறு பின்னேரங்களில் எனக்குத் தொலைபேசி எடுப்பாள். "ரீச்சர், பிள்ளையள் இப்பிடிக் கேட்டா நான் என்ன சொல்லுறது?" என்று தொடங்குவாள். சந்தேகம் தீரக் கொஞ்ச நேரம் போதும். அதன் பிறகுதான் கதை: மாமியாரின் முழங்கால் நோ, கத்தரிக்காய் விற்கிற விலை, பல் விழுந்ததற்கு மகள் அழுத அழுகை. நான் அதிகம் சொல்வதில்லை. சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? ஆனாலும் ஞாயிறு மத்தியானமே முகம் கழுவி, தலை இழுத்து, நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு இருப்பேன். தொலைபேசிக்குக் கண்ணா இருக்கிறது? இருந்தாலும் செய்வேன்.

எனக்கு ஒரு குணம், எதையும் அரைகுறையாக விடமாட்டேன். அவள் கேட்ட சந்தேகங்களை எல்லாம் சேர்த்து ஆசிரியர் கைந்நூல் ஒன்று எழுதினேன். பிள்ளை என்ன கேட்கும், நீங்கள் என்ன சொல்லலாம், அப்படியும் விளங்காவிட்டால் எந்த உதாரணத்துக்குப் போகலாம் என்று ஒன்றும் விடாமல் எழுதினேன். கடினமான இடங்களுக்கு என் குரலிலேயே விளக்கம் பதிந்து சேர்த்தேன். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் கைகூப்புகள் வந்து குவிந்தன. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஞாயிறு அவளிடமிருந்து அழைப்பு வரவில்லை. சுகமில்லையோ என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும் இல்லை. தொலைபேசி பழுதோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது நன்றாகத்தான் இருந்தது.

பிறகு ஒருநாள் மருதனார்மடச் சந்தையில் அவளைக் கண்டேன். ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"ரீச்சர், உங்கடை கைந்நூல் இருக்கிறபடியால் எனக்கு இப்ப ஒரு பயமுமில்லை. முந்தி ஞாயிறு ஞாயிறா உங்களுக்கு எவ்வளவு கரைச்சல் குடுத்தனான்!"

"அது ஒரு கரைச்சலோ, பிள்ளை?" என்றேன்.

"நீங்கள் பெரிய மனசிலை சொல்லுறியள்," என்று சிரித்தாள். பஸ் வந்தது, போய்விட்டாள்.

யானை தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்ட கதைதான். மரக்கறி வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். அவளில் கோபமில்லை. அவ்வளவு நன்றாக எழுதிய என்னில்தான் கோபம்.

அடுத்த பாடம் மறதி. ஞாயிறு பின்னேரம் எழுத உட்கார்ந்தேன், ஒரு வரியும் ஓடவில்லை. நானே அவளுக்குத் தொலைபேசி எடுத்தால் என்ன என்று தோன்றியது. எங்கள் ஊரில் அது இலேசான காரியமில்லை. காரணமில்லாமல் வயதுக்கு மூத்தவர் எடுத்தால், மறுமுனையில் முதலில் வருவது செத்தவீட்டுப் பயம். கைந்நூலில் ஒரு பிழை திருத்தவேண்டும் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். பிழை இருந்தால்தானே! காரணம் இல்லாமலே அவளுக்கு எடுத்துவிட்டேன்.

"என்ன ரீச்சர்? ஆருக்கும் ஏதுமோ?" குரல் பதறியது. பின்னால் ஏதோ எண்ணெயில் பொரிகிற சத்தம்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை, பிள்ளை. எனக்குக் கதைக்க ஆளில்லை. அதுதான் எடுத்தனான்."

சொன்ன பிறகு வெட்கம் பிடுங்கித் தின்றது. வைத்துவிடுவோமா என்று விரல் போனது.

"பொறுங்கோ ரீச்சர்," என்றாள். "அடுப்பை நிப்பாட்டிப்போட்டு வாறன்."