பார்க்காமல் எழுதிய ஐம்பது

சைபீரியாவின் யாகூத்தியாவில் ஒரு பள்ளத்தாக்கு ஊர். அங்கே வானிலை நிலையத்திலேயே குடியிருந்து கருவிகளைப் பார்த்துக் குறிப்பவள் மாத்ரோனா. பத்தொன்பது வருட வேலை. காலை ஆறு மணிக்கு அவள் சொல்லும் எண்ணை வைத்துத்தான் பள்ளிக்கூடம் திறக்கும். சுழியத்துக்குக் கீழே ஐம்பத்திரண்டு டிகிரியைத் தொட்டால் விடுமுறை.

அந்த வியாழக்கிழமை காலை அவளுக்கு இடுப்பு வலி. ஜன்னல் முழுக்க உறைபனி அப்பியிருந்ததால் வெளியே எதுவும் தெரியவில்லை. முந்தின நாள் மாலை வானம் மூடிக்கிடந்தது. மேகம் போர்வை மாதிரி; அது இருக்கும்வரை குளிர் ஏறாது. படுக்கையிலிருந்தபடியே ஐம்பது என்று எழுதி, பள்ளிக்கும் சொல்லிவிட்டாள்.

மேகம் எப்போதோ கலைந்திருந்தது. காற்றும் இல்லை. மலைச்சரிவுக் குளிரெல்லாம் வழிந்திறங்கி, கிண்ணத்தில் தண்ணீர் போல ஊருக்குள் தேங்கி நின்றது. ஒன்பது மணி அளவெடுக்க வெளியே போனவள் கருவியில் ஐம்பத்தேழைப் பார்த்தாள். மூன்று மணி நேரத்தில் இவ்வளவு வித்தியாசம் என்றால் மேலதிகாரியின் கண்ணில் படுமே என்று ஐம்பத்து மூன்று என எழுதினாள்.

மறுநாள் மாத்ரோனா, வில்லையாக உறையவைத்து விற்கும் பால் வாங்கக் கடைக்குப் போனபோது, துயாராவைக் கடைக்கார அக்குலினா பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தாள். துயாராவின் ஒன்பது வயது மகளுக்குப் முந்தின நாள் பள்ளிக்குப் போகும் வழியில் குளிரில் கன்னமும் மூக்கும் வெந்ததுபோல் கருத்துவிட்டன.

"புள்ளைக்கு மூஞ்சிய மூடிவிடக்கூடத் தெரியாதாடி உனக்கு?"

"மூணு சால்வை சுத்தித்தான்க்கா அனுப்பினேன்."

"என்னத்தச் சுத்தின! வெறும் அம்பது. அம்பதுல நாங்க பந்து விளையாடிக்கிட்டே பள்ளிக்கூடம் போனவங்க. நீயே சொல்லு மாத்ரோனா, அம்பதுதானே?"

துயாரா தலை குனிந்து நின்றாள். தலை குனிய வேண்டியவள் நானல்லவா என்று மாத்ரோனாவுக்கு உறைத்தது.

"அம்பதுன்னு எழுதினேன்," என்றாள். "வெளிய போய்ப் பாக்கல. ஒம்பது மணிக்குப் பாத்தப்ப அம்பத்தேழு. அதையும் மாத்தி எழுதினேன்."

துயாரா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"அப்போ நான் சரியாத்தான் சுத்திவிட்டேனா?" என்று மட்டும் கேட்டாள்.

"சரியாத்தான் சுத்தின."

மாத்ரோனா பால் வாங்காமலே நிலையத்துக்குத் திரும்பினாள். பதிவேட்டில் ஐம்பத்து மூன்றை அடித்து ஐம்பத்தேழு என்று எழுதினாள். ஐம்பதையும் அடித்தாள். அதன் மேலே எழுத அவளிடம் எண் இல்லை. 'பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு, மேலதிகாரியைத் தொலைபேசியில் அழைத்தாள்.