பாப்பம்மாவின் வெள்ளைக் காடி

செமிலிங் பக்கத்தில் பாப்பம்மாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவளுடைய காடியைத் தெரியாதவர்கள் கிடையாது. இருபத்தாறு வருஷத்து வெள்ளைக் கார். வெள்ளை என்பது பாப்பம்மா சொல்வது. பார்த்தவர்கள் சொல்வது வேறு. மீட்டரில் நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பின்கதவு ஒன்று உள்ளேயிருந்து திறக்காது. இருந்தாலும் அவள் காதில் விழும்படி அதைக் ‘கிழட்டுக் காடி’ என்று யாராவது சொல்லிவிட்டால், அன்றைக்கு அந்த ஆளுக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவள். சைக்கிளைத் தவிர வேறு எதையும் ஓட்டியதில்லை. புருஷன் அம்மாசிக்கு இரண்டு கிட்னியும் கைவிட்ட பிறகுதான், நாற்பத்தொன்பது வயதில், ஸ்டியரிங்கைப் பிடித்தாள். லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றாள். மூன்றாவது தடவை பாஸ் பண்ணிவிட்டு, பரீட்சை வைத்த ஆபீசரையே கட்டிப்பிடிக்கப் போனவள் அவள். அன்றிலிருந்து ஒன்பது வருஷமாக, செவ்வாய், வியாழன், சனி, காலை ஆறரைக்கெல்லாம் சுங்கைப்பட்டாணி டயாலிசிஸ் நிலையத்தில் அம்மாசி மெசின் பக்கத்தில் படுத்திருப்பார். வெள்ளம் வந்த வருஷம்கூட ஒரு நாள் தவறவில்லை.

ஆரம்பத்தில் ஒரு மத்தியானம், கொட்டுகிற மழையில், அம்மாசிக்கு உடம்பெல்லாம் வீங்கி மூச்சு முட்டிவிட்டது. வைப்பர் வேலை செய்யவில்லை. தலையை வெளியே நீட்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். காடி ஒரு இடத்தில்கூட இருமவில்லை. இன்னும் பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னார். அந்த வாரத்திலிருந்து, வெள்ளிக்கிழமைதோறும் குளித்துவிட்டு விளக்கேற்றியதும் நேராகக் காடியிடம்தான் போவாள். பானெட்டில் மூன்று விரலால் திருநீற்றுப் பட்டை, நடுவில் குங்குமம்.

“எனக்குக்கூட அப்புறந்தான். மொதல்ல அவருக்கு” என்று அம்மாசி வாசலில் உட்கார்ந்து கேலி செய்வார். அவள் காதில் வாங்கமாட்டாள்.

அப்பேர்ப்பட்ட காடி போன சனிக்கிழமை காலை வாரிவிட்டது. தோட்டத்து மேட்டில் ஏறும்போது விக்கியது. மிதித்தால் வேகம் எடுக்கவில்லை. பெருஞ்சாலையில் பின்னால் வந்த லாரிகள் ஹார்ன் அடித்தே காதைப் பிய்த்தன. போய்ச் சேர்ந்தபோது ஏழேகால். அடுத்த ஆளுக்கு மெசின் வேண்டுமே? அம்மாசிக்குக் கிடைத்தது நான்கு மணி நேரத்துக்குப் பதில் மூன்றேகால் மணி நேரம்தான். ஞாயிற்றுக்கிழமை அவர் கால் வீங்கியது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

கூலிம் பேக்டரியில் வேலை செய்யும் மகள் வாசுகி போனில் கத்தினாள். “அம்மா, அந்தக் காடிய பெசி பூரோக்காரனுக்குத் தூக்கிக் குடுத்துருங்கலா. அப்பா உயிரோட வெளையாடாதீங்க!”

பழைய இரும்புக்குப் போடுவதா? பாப்பம்மா போனை வைத்துவிட்டாள். ஆனால் மகள் சொன்னதில் ‘உயிர்’ என்ற வார்த்தை உள்ளே தைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமையும் காடி இப்படி மக்கர் பண்ணினால்?

திங்கட்கிழமை யோகேஸ்வரன் கடையைத் திறக்கும் முன்பே அவனுடைய பட்டறை வாசலில் காடியோடு நின்றாள். பக்கத்து சீட்டில் அம்மாசி. யோகேஸ்வரன் நாற்பது வயது மெக்கானிக். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கைவேலை சுத்தம்.

“தம்பி, நாளைக்குக் காலைல ஆறரைக்கு அண்ணன் மெசின்ல படுக்கணும். முடியுமா முடியாதான்னு இப்பவே சொல்லிரு.”

“மொதல்ல பாக்க விடுங்கக்கா” என்றான்.

பெட்ரோல் பம்ப்பின் பியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓடவிட்டான். குழாயில் மிச்சமிருந்த பெட்ரோலைக் குடித்துவிட்டு அது தானாக அடங்கியது. இல்லாவிட்டால் கழற்றும்போது முகத்தில் பீய்ச்சி அடிக்கும் என்றான். பேட்டரி வயரைக் கழற்றி, எஞ்சினுக்குப் பின்னால் ஒளிந்திருந்த பெட்ரோல் பில்டரை இரண்டு ஸ்பேனர் போட்டுத் திருகி எடுத்தான். சின்னப் பால் டின் அளவுதான் இருந்தது. உள்ளே போகிற பக்கத்தைக் கவிழ்த்துத் தட்டில் தட்டினான். பொத்தென்று சாம்பல் நிறத்தில் சேறு விழுந்தது.

“துரு பாத்திருக்கேன், மண்ணு பாத்திருக்கேன். இது என்னா கண்றாவி? எண்ணெ எங்கக்கா ஊத்துறீங்க?”

“பீடோங் ரோட்டு பெட்ரோல் ஸ்டேஷன்ல.”

“அவன் தொட்டில சுண்ணாம்பு கெடக்குது போல. இருங்க, போட்டோ எடுத்து குரூப்ல போடுறேன். நாலு பேருக்குத் தெரியட்டும்!” கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான்.

பாப்பம்மா குனிந்து அந்தச் சேற்றை இரண்டு விரலுக்கிடையே வைத்துத் தேய்த்தாள். நைசாக இருந்தது. பெட்ரோல் வாடைக்கு அடியிலும் அந்த நைசு அவளுக்குத் தெரிந்த நைசுதான். அவள் முகம் செத்துப்போயிற்று.

“போட்டோ வேண்டாம் தம்பி. ஸ்டேஷன்காரன் பாவம். நாந்தான் போட்டேன்.”

“எதப் போட்டீங்க?”

“துண்ணூறு.”

யோகேஸ்வரன் போனைக் கீழே இறக்கினான்.

“வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம... நெத்தியில பூசிட்டு வாயில ஒரு சிட்டிக போடுறதில்லையா, புள்ளைங்களுக்கு? காடிக்கு வாயி அங்கதான இருக்கு. எண்ணெ மூடியத் தெறந்து...” அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. “நல்லா இருக்கணும்னுதான் தம்பி போட்டேன். நானே அது தொண்டைய அடைச்சுப்புட்டேனா? இவரக் கொண்டுபோற காடிய நானே...” கண் கலங்கிவிட்டது.

முதலில் சிரித்தது அம்மாசிதான். சீட்டில் சாய்ந்து, வீங்கின காலை நீட்டிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். யோகேஸ்வரன் சிரிப்பு தாங்காமல் தரையில் உட்கார்ந்தே விட்டான். கடைசியில் பாப்பம்மாவுக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்து முடித்த பிறகு யோகேஸ்வரன் தலையைச் சொறிந்தான். பில்டரை மட்டும் மாற்றினால் பத்தாது. டேங்கில் இன்னும் ஒன்பது வருஷத்துத் திருநீறு கிடக்கும், ஒரே மாதத்தில் புதுசையும் அடைத்துவிடும். டேங்கையே இறக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் முழுக்க வேண்டும். அன்றைக்கு வரச்சொல்லியிருந்த இரண்டு பேருக்குப் போன் போட்டு, நாளைக்கு வாருங்கள் என்று சொன்னான். “அண்ணன் மெசின்ல படுக்கணும்லா” என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லவில்லை. பாப்பம்மா அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். “அட, போங்கக்கா” என்று காருக்கு அடியில் போய்விட்டான்.

டேங்கை இறக்கி மூன்று தடவை கழுவினான். பம்ப்பின் அடியில் இருந்த வலையையும் மாற்றினான். புதுப் பில்டரில் இருந்த அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்து, புதுச் செம்பு வாஷர் போட்டு முறுக்கினான். சாயந்திரம் சாவியை இரண்டு மூன்று தடவை திருப்பி நிறுத்தி, குழாயில் பெட்ரோல் ஏறட்டும் என்று காத்திருந்து, பிறகு ஸ்டார்ட் செய்தான். ஒரே இழுப்பில் பிடித்தது. பில்டர் பக்கம் டார்ச் அடித்து, ஒரு சொட்டு ஒழுகவில்லை என்று பார்த்த பிறகுதான் பானெட்டை மூடினான்.

மறுநாள் காலை தோட்டத்து மேடு வந்தபோது பாப்பம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். காடி ஒரு விக்கல் இல்லாமல் ஏறியது. ஆறு இருபதுக்கெல்லாம் அம்மாசி எடை பார்க்கும் மெசின்மேல் நின்றார். முழுசாக நான்கு மணி நேரம் கிடைத்தது. வியாழக்கிழமையும் அப்படியே. அவர் கால் வற்றி, செருப்பு பழையபடி நுழைந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. குளித்து விளக்கேற்றிய பாப்பம்மா திருநீற்றுத் தட்டோடு காடியிடம் போனாள். பட்டை போட்டாள், குங்குமம் வைத்தாள். விரலிடுக்கில் ஒரு சிட்டிகை மிச்சமிருந்தது. கால் பழக்கத்தில் பெட்ரோல் மூடி வரைக்கும் போய் நின்றுவிட்டது.

வாசலில் இருந்து அம்மாசி குரல் கொடுத்தார். “போட்டுறாத. யோகேஸு அழுதுருவான்.”

அவள் திரும்பி நடந்து வந்து அவர் நெற்றியில் பூசினாள். “வாயத் தொறங்க.”

“என்னா திடீர்னு? காடிக்கு அப்புறந்தான எனக்கு?”

“காடி கொண்டுபோயி விடுது, சரி” என்றாள். “ஒவ்வொரு தடவையும் பொழச்சுத் திரும்பி வர்றது நீங்கதான? அதுக்கு நான் உங்களுக்கு இன்னும் ஒண்ணுமே செய்யலியே.”

அம்மாசி வாயைத் திறந்தார்.