வரைபடத்தில் விட்டுப்போன ஞாயிற்றுக்கிழமை

கடலுக்கு அடியில் எண்ணெயும் எரிவாயுவும் தேடுவது என் வேலை. கப்பலிலிருந்து அனுப்பும் ஒலி, பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும். அடுக்குகள் எப்படிப் படிந்தன என்று அந்த எதிரொலிக் கோடுகளில் படிப்பேன். அதே எதிரொலியைக் கணினி பாறையின் தன்மையாக மாற்றி, வண்ணப்படமாகத் தரும். இரண்டும் ஒத்துப்போனால்தான் துளையிடச் சொல்ல வேண்டும். இது தெரிந்தும் கோட்டை விட்டவன் நான்.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஆய்வு நடந்தபோது, கப்பல் இழுத்துப்போகும் கேபிள்கள் வலையில் சிக்காதபடி, வலைகள் கிடக்கும் இடத்தைக் காட்ட மணப்பாட்டு மீனவர் ஒருவர் எங்கள் கப்பலில் இருந்தார். என்னைவிட மூத்தவர். ஒரு சனிக்கிழமை என்னிடம் வந்தார்.

“சார், இங்கன நண்டு வலை கெடக்கு. நாளைக்கு ஞாயித்துக்கெழம, எங்காளுவ யாரும் கடலுக்கு வரமாட்டாவ. திங்கக்கெழம காலையில எடுத்துருவாவ. அதுவரைக்கும் பொறுங்க.”

“ஒங்க ஞாயித்துக்கெழமைக்காகக் கப்பல் காத்துக் கெடக்குமா அண்ணாச்சி?” என்றேன். பொறுமை என் ஜாதகத்திலேயே கிடையாது. அந்த இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிப் போகச் சொன்னேன்.

வரைபடத்தில் அங்கே ஒரு வெற்றிடம் விழுந்தது. கணினி இரு பக்கத்தையும் பார்த்து அதை அனுமானமாக நிரப்பியது. வண்ணப்படத்தில் எரிவாயு நிறைந்த மணலுக்கு உரிய மஞ்சள், இடைவெளியே இல்லாமல் ஓடியது. எதிரொலிக் கோடுகளோ வெற்றிடத்தைத் தொடும் முன்பே இரு பக்கமும் வெட்டுப்பட்டு நின்றன. பழங்கால ஆறு ஒன்று மணலை அரித்துப்போய், பள்ளத்தில் சேறு நிரம்பியிருக்கலாம் என்பதற்கு அடையாளம் அது. ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றங்கரையில் வளர்ந்தவனுக்கு இதுகூடவா தெரியாது? மஞ்சளைப் பார்த்து மயங்கி, அங்கேயே துளையிடச் சொன்னேன். வந்தது வெறும் களிப்பாறை.

விளக்க அறிக்கையில், மீனவர்களின் வலைகளால் அந்த இடத்தை ஆய்வு செய்ய முடியவில்லை என்று எழுதினேன். அவர் பொறுக்கச் சொன்னதை எழுதவில்லை. அடுத்த ஆய்வுக்கு நிறுவனம் அவரைக் கூப்பிடவில்லை. நான் வாய் திறக்கவில்லை. நினைத்தால் இன்றும் கூசுகிறது.

போன மாதம் மீன்பிடித் துறைமுகத்தில் அவரைப் பார்த்தேன். வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர், கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

“எங்க வலையாலதான் ஒங்க வேலை கெட்டுப்போச்சுன்னு சொன்னாவ, சார். அன்னைக்கு நான் இன்னுங் கொஞ்சம் அழுத்திச் சொல்லிருக்கணும். மன்னிச்சிருங்க.”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நான் அவர் தோளில் கை வைத்தேன்.

“பரவால்ல அண்ணாச்சி” என்றேன்.