எலிக்கூண்டு கழுவியவரின் இல்லத்தில்

மூளை வீக்கம் குறித்து அந்நாளில் நாங்கள் எழுதிய கட்டுரைகளில் எலிகள் உண்டு. அவற்றின் கூண்டுகளைக் கழுவிய பெண்மணி இல்லை. அவர் இல்லத்தில் நிகழ்ந்ததை எழுதக்கூடியவன் நான் ஒருவனே எஞ்சியிருப்பதால் இதனைப் பதிவு செய்கிறேன்.

அறுபதுகளின் பிற்பகுதி அது. மாதுங்காவில் குடியிருந்து, பம்பாய் ஆய்வகம் ஒன்றில் பணியாற்றினேன். குருதியோட்டம் குன்றினால் மூளையில் நீர் சேர்ந்து வீங்கும். அவ்வீக்கத்தைத் தணிக்க ஒரு மருந்து உதவுமா என்பதே எங்கள் ஆய்வு. எலியின் கழுத்து நாளத்தைக் கட்டி மருந்து செலுத்துவோம். பின்னர் மூளையை எடுத்து நிறுத்து, உலைப்பெட்டியில் உலர்த்தி மீண்டும் நிறுப்போம். குறைந்த எடையே நீரின் அளவு.

அப்பெண்மணியின் கணவர் தாராவியில் தோல் பட்டறைத் தொழிலாளி. அவருக்குப் பக்கவாதம் கண்டது. மூளையில் நீர் சேர்ந்திருப்பதாகச் சொல்லி, மருத்துவமனையில் சில நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பின் ஒருநாள் அந்த அம்மையார் என் மேசையருகே வந்து நின்றார். நெல்லைச் சீமைக்காரர்; குரலைத் தாழ்த்தத் தெரியாதவர்.

“எலிக்குப் போடுற மருந்துல ரெண்டு சொட்டு எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தந்தா என்ன சார்? எலிய விடவா கேவலமாப் போயிட்டாக?”

மருந்து பெற்ற எலிகளும் மடிகின்றன என்றேன். செத்ததைத் தூக்கிப் போடுபவளுக்கு அது தெரியாதா என்று கேட்டார். ஆயினும் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. அதுவே என்னை உறுத்த, அன்று மாலை அவர் வீட்டுக்குச் சென்றேன்.

கணவர் பாயில் கிடந்தார். கண்கள் குழிந்து, நாக்கு வறண்டு வெடித்திருந்தது. அந்தப் புழுக்கத்திலும் கம்பளி போர்த்தியிருந்தார்கள். கால்மாட்டில் கரியடுப்பு கனன்றது. குடிக்க என்ன கொடுத்தீர்கள் என்று வினவினேன்.

“நேத்துலேர்ந்து தண்ணியே காட்டல சார். நீங்க மூளைய அடுப்புல வச்சு வத்த வைக்கீங்கள்லா? அதே மாதிரி இவுக மண்டைத் தண்ணியும் வத்திரும்னு பாத்தேன்.”

எனக்குச் சினம் வரவில்லை. நாங்கள் நாள்தோறும் அவர் கண்முன் செய்ததையே அவரும் செய்திருந்தார்.

“அது உசிரு போன மூளைம்மா. இவர் உசிரோட இருக்கார். தண்ணி இல்லேன்னா தாங்கமாட்டார்.”

அந்த அம்மையார் அடுப்பை வெளியே நகர்த்திவிட்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். பக்கவாதத்தால் சரியாக விழுங்க இயலாதவர் வாயில் நீரை ஊற்றினால் புரையேறும் எனத் தடுத்தேன். ஈரத்துணியால் உதடுகளை நனைத்தபடியே டாக்ஸியில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். குருதி நாளத்தின் வழியே நீர் ஏற்றினார்கள்.

கணவர் பிழைத்தார்; வலக்கை மட்டும் மீளவில்லை. எங்கள் மருந்தோ எலிகளைத் தாண்டி வரவேயில்லை.

ஆய்வுமுறை பற்றிய என் விவரிப்பில் வழு இருப்பின் துறையறிந்தோர் சுட்டுக. அக்குடும்பத்தார் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், நான் பிறழ உணர்ந்தவற்றை அவர்களே திருத்தித்தர வேண்டுகிறேன்.